நோயாளியைப் பரிசோதிக்கக் கற்றுத்தரும் புத்தகம்: ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்குவது?

லயத்துப்பிள்ளை எழுதியது:

வணக்கம். நான் பேராதனை மருத்துவபீடத்தில் மூன்றாம் வருட மாணவி. ஊர் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டம். அடுத்த மாதம் எங்கள் குழு முதன்முதலாக வார்டுக்குள் போகிறது. வெள்ளைக் கோட்டு தைத்தாகிவிட்டது. விடுதி அக்கா ஒருவர் தம்முடைய பழைய ஸ்டெதஸ்கோப்பைத் தந்துவிட்டார். மிச்சமிருப்பது புத்தகம். நோயாளியிடம் எப்படிக் கேட்பது, எப்படித் தொட்டும் தட்டியும் பார்ப்பது என்று சொல்லித்தருமே, அந்தப் புத்தகம்.

கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சிக்கலே அதுதான். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற டிஸ்பென்சர் ஐயா, எனக்கு மருத்துவபீடம் கிடைத்த செய்தி கேட்டதும் தம்முடைய ஹட்சிசன் புத்தகத்தைப் பழைய சாரம் ஒன்றில் சுற்றி எங்கள் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீட்டுக்கே) கொண்டுவந்து கொடுத்தார். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. எத்தனையாவது பதிப்பென்று அவருக்கே மறந்துவிட்டது. எங்கள் ஊர் ஈரத்தைத்தான் தெரியுமே: பூஞ்சணம் பிடித்து, நடுவில் ஒரு கத்தைப் பக்கங்கள் அடை போல ஒட்டிக் கிடக்கின்றன. நரம்புமண்டலம் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஓரங்களில் ஐயாவின் பென்சில் எழுத்து இருக்கிறது. இரத்தசோகையைப் பற்றிய இடத்தில் "கையைப் பார்த்து ஏமாறாதே, கொழுந்துக் கறை. கண்மடலைப் பார், நாக்கைப் பார்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தேன். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நுனியிலிருந்து பாதி வரை கறுத்து, கோடு கோடாக வெடித்திருந்தன. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை. அந்தக் கையில் வெளிறல் எப்படித் தெரியும்?

புதிதாக வாங்குவதென்றால் ஒன்றுதான் முடியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுப் புத்தகங்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். கண்டியில் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். அம்மாவின் கணக்கில் சொன்னால் ஏழெட்டுப் பேர். முழுப் பேர், அரைப் பேர் அல்ல. (தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக: ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.)

எங்கள் பேட்ச்சில் பாதிப்பேர் மக்லியோட் என்கிறார்கள். கெட்டிக்காரர்கள் நாலைந்து பேர் டாலி - ஓ'கொனர் வைத்திருக்கிறார்கள், தலையணைப் பருமன். ஒருத்தி பேட்ஸ் படிக்கிறாள், படம் அழகென்று. போட்டோ பிரதி போதும் என்று ஒருவன் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனுடைய பிரதியில் மஞ்சள்காமாலைக் கண் சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

எதை வாங்க? அல்லது ஐயாவின் புத்தகமே போதுமா?

பழைய குப்பி எழுதியது:

தங்கச்சி, மக்லியோட் வாங்குங்கள். பழைய கை, போன பதிப்பு, எதுவானாலும் பரவாயில்லை. போட்டோ பிரதி மட்டும் வேண்டாம்.

இனிக் காரணம். நான் பதுளைப் பக்கத்து ஆள், இப்போது மருத்துவ வார்டொன்றில் ரெஜிஸ்ட்ரார், அதாவது கன்சல்டன்ட் என்ற தலைமை நிபுணருக்குக் கீழே வேலை செய்யும் வைத்தியர். பேராதனையில் இருந்த காலத்தில் இளையவர்களுக்குக் குப்பி எடுத்தே பொழுது போனது. (வெளியாருக்கு: மூத்த மாணவர்கள் இரவில் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இலவச வகுப்புக்குக் குப்பி என்று பெயர். லயத்தில் குப்பி விளக்கில் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தப் பெயர் முதல்நாளே பிடித்துப்போனது.) ஆகவே எந்தப் புத்தகம் எந்த மாணவனை எங்கே கைவிடும் என்பது ஓரளவு தெரியும்.

மக்லியோட் 1964இல் எடின்பரோவிலிருந்து வந்தது. அதில் உடலின் ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனை வரிசை என்று தனிக் கட்டம் போட்டிருப்பார்கள். முதலில் இதைச் செய், பிறகு இதைச் செய் என்று, சமையல் குறிப்பு மாதிரி. மூன்றாம் வருடத்தில் உங்களுக்கு வேண்டியது அதுதான். நாங்கள் பரீட்சையில் நோயாளியின் வலப்பக்கம் போய் நின்று, கையில் தொடங்கி, நாடி பார்த்து, கண்ணுக்கும் வாய்க்கும் போய், கடைசியில் நெஞ்சுக்கு வருகிறோமே, அது பிரித்தானியப் பழக்கம். ஷார்ட் கேஸில் (கொஞ்ச நேரத்தில் ஒரு நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பரீட்சை) பரிசோதகர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வரிசை தவறினால் அங்கேயே தெரிந்துவிடும். பேட்ஸ் 1974இல் அமெரிக்காவில் வந்தது, நல்ல புத்தகம், படமும் அழகுதான், ஆனால் நடை வேறு. இரண்டு நடையை ஒன்றாகப் பழகினால் கால் பின்னும்.

டாலி ஆஸ்திரேலியப் புத்தகம், 1988. ஒரு நோய் அடையாளம் ஏன் வருகிறது என்ற காரணத்தை மக்லியோட்டைவிட விரிவாகச் சொல்வார்கள். இந்த அடையாளத்துக்குப் பெயர் கொடுத்தவர் யார் என்று அடிக்குறிப்பு வேறு. எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் அதுதான். ஆனாலும் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத புத்தகத்தை முதல் புத்தகமாக வைத்துக்கொள்ளாதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

என் மூன்றாம் வருடத்தில் ஒருநாள். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் வயிற்றைப் பார்க்கச் சொன்னார்கள். ஒல்லியான உடம்பு. இடப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, இரண்டு தரம் அழுத்தினேன். விளிம்பு எதுவும் படவில்லை. "மண்ணீரல் தட்டுப்படவில்லை சேர்" என்றேன். கன்சல்டன்ட் ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தூக்கி, பையனின் வயிற்றில் வலப்பக்கம் தொடைச் சந்துக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். "இங்கேயிருந்து வா." ஒரு மூச்சுக்கு இரண்டு விரல் தூரம், குறுக்காக மேலே. தொப்புளைத் தாண்டுவதற்குள் மூச்சோடு ஏதோ ஒன்று இறங்கிவந்து விரலின் பக்கவாட்டில் முட்டியது. ஓரத்தில் ஒரு பள்ளம்கூடத் தெரிந்தது. நான் முதலில் கை வைத்திருந்தது மண்ணீரலின் முதுகில்! ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு கரையைத் தேடியிருக்கிறேன்.

மண்ணீரல் வலப்பக்க அடிவயிற்றை நோக்கித்தான் வளரும், ஆகவே அங்கிருந்தே தொடங்கு என்பதை முந்திய இரவு படித்திருந்தேன். சிவப்புப் பேனையால் கோடும் போட்டிருந்தேன். எப்படிப் படித்தேன் என்றால், மல்லாந்து படுத்து, அந்தத் தலையணைப் புத்தகத்தை நெஞ்சில் சாய்த்து, கண்ணால் மட்டும். கைக்குச் செய்தி போகவில்லை. அதற்குப் பிறகு மெல்லிய புத்தகத்தைக் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டு, அறைத் தோழனைப் படுக்கவைத்து, ஒரு வரி படித்து ஒரு வரி செய்துபார்த்துத்தான் தேறினேன். பாவம் அவன், அந்த வருடம் முழுக்க வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

ஐயாவின் ஹட்சிசனை எறிந்துவிடாதீர்கள். 1897இல் முதலில் வந்த புத்தகம் அது, எத்தனையோ தலைமுறை வைத்தியர்களை ஆளாக்கியது. மண்ணீரல் அன்றும் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் சிலது மாறியிருக்கிறது. இரத்த அழுத்தம் அளக்கும்போது கீழ் எண்ணை எங்கே எடுப்பது? பழைய புத்தகங்கள் சிலவற்றில் ஒலி மங்கும் இடத்தில் குறிக்கச் சொல்லியிருக்கும். இப்போது ஒலி முற்றாக நிற்கும் இடத்தில்தான் குறிக்கிறோம். நோயாளியிடம் அனுமதி கேட்பது, பெண் நோயாளியைப் பார்க்கும்போது இன்னொருவர் கூட இருப்பது, தொடுமுன் கைகழுவுவது இவையெல்லாம் புதிய பதிப்புகளில் முதல் வரியிலேயே வந்துவிடும். பழையதில் தேடவேண்டும். சோதனைக்குழாயில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்கும் பகுதி மட்டும் விரிவாக இருக்கும். அதை ஆசைக்குப் படியுங்கள்.

வடமராட்சியாள் எழுதியது:

பழைய குப்பி சொன்னது சரி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து யாழ்ப்பாணத்திலேயே படித்தவள். முதல் நியமனம் மஸ்கெலியாப் பக்கம். தமிழ் ஆட்கள்தானே, நோயாளியோடு பேசுவதில் என்ன கஷ்டம் என்று வந்தேன். இரண்டாம் நாள், காய்ச்சலோடு வந்த அம்மா ஒருவரிடம் "சலம் போகும்போது எரிவு இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய், தமக்குப் புண்ணே இல்லை என்றார். நான் திரும்பவும் சலம் எத்தனை தரம் போகிறது என்று கேட்க, அவர் சேலையை முழங்கால் வரை தூக்கி, அட்டை கடித்த தடங்களைக் காட்டி, எல்லாம் ஆறிவிட்டது என்றார். எங்களுக்குச் சலம் என்றால் சிறுநீர். இங்கே சலம் என்றால் சீழ். பக்கத்துக் கட்டில் பாட்டி சிரித்துவிட்டு, "ஒன்றுக்குப் போவதைத்தான் டாக்டரம்மா கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தார். தமிழிலிருந்து தமிழுக்கு.

உங்களுக்கு இந்தச் சிக்கல் தலைகீழாக வரும். கண்டி வார்டில் வன்னியிலிருந்து வந்தவரும் இருப்பார், மாத்தளை முஸ்லிம் அக்காவும் இருப்பார், பாதிக்கு மேல் சிங்களவர். வாந்தியை வன்னிக்காரர் சத்தி என்பார். இழுப்பு என்று நீங்கள் சொல்வது எங்களுக்குத் தொய்வு, சிங்களத்தில் ஹத்திய. வலியைப் பற்றிக் கேட்க மக்லியோட்டில் ஸோக்ரடீஸ் என்று எட்டெழுத்துச் சூத்திரம் இருக்கிறது: எங்கே, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்ட வலி, எங்கே பரவுகிறது என்று வரிசையாகப் போகும். மூன்றாம் எழுத்தில்தான் மாட்டிக்கொள்வோம். குத்துவதா, கடுப்பதா, எரிவதா, பிசைவதா? சிங்களத்தில் கெக்கும வேறு, தெவில்ல வேறு. முன்னது கடுப்பு, பின்னது எரிவு. இரண்டையும் வலி என்று எழுதிக்கொண்டு போனால் டிக்கெட்டில் (நோயாளியின் வார்டுக் குறிப்பேட்டில்) இருப்பது நோயாளி சொன்ன கதை ஆகாது. கொப்பி ஒன்று வாங்கி, உங்கள் சொல், எங்கள் சொல், சிங்களச் சொல் என்று மூன்று நிரலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். என்னுடையது இரண்டாவது கொப்பிக்குப் போய்விட்டது.

இன்னொன்று, படங்கள். பெரிய புத்தகங்களில் நீண்டகாலமாகப் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். மத்திய மாகாணத்தில் உண்ணிக் காய்ச்சல் வரும், ரிக்கட்சியா என்ற பக்டீரியா வகை. சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் வரை தடிப்புகள் இறங்கும். இளஞ்சிவப்புப் புள்ளி என்று புத்தகம் சொல்லும். எங்கள் ஆட்களின் தோலில் அது மங்கலான பழுப்பு. மின்குமிழ் வெளிச்சத்தில் நான் ஒருமுறை தவறவிட்டு, காலையில் ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றிய பிறகுதான் கண்டேன். லண்டனில் மாலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பு, பழுப்புத் தோலில் நோய் அடையாளங்கள் எப்படித் தெரியும் என்று தம் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020இல் ஒரு கைநூல் வெளியிட்டார். 'மைண்ட் த கேப்' என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். ஒரு பேரும் செலவில்லை.

மலைக்காகம் எழுதியது:

எல்லோரும் எப்படிச் செய்வது என்கிறீர்கள். செய்து கிடைத்த அடையாளத்தை எவ்வளவு நம்புவது என்று யாருமே சொல்லவில்லை. ஸ்டீவன் மெகீயின் புத்தகம் 2001இல் வந்தது, அதற்கென்றே எழுதப்பட்டது. ஓர் அடையாளம் இருந்தால் நோய்க்கான வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது, இல்லாவிட்டால் எவ்வளவு குறைகிறது என்று ஆய்வுகளை வைத்து எண் போட்டிருப்பார். அந்த எண் 2 என்றால் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளி கூடும், 5 என்றால் 30, 10 என்றால் 45. தலையில் வைத்துக்கொள்ள இவ்வளவு போதும்.

இப்போது வாங்காதீர்கள். மூன்றாம் வருடத்தில் அதைப் படித்தால் எந்த அடையாளத்திலும் நம்பிக்கை வராமல் போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது. நூலகத்தில் எடுத்து இரத்தசோகைப் பகுதியை மட்டும் பாருங்கள், உங்கள் ஐயா எழுதிய பென்சில் வரிக்குப் பக்கத்தில் வைத்து. கீழ் இமையை இறக்கினால், நல்ல இரத்தம் உள்ளவருக்கு முன் விளிம்பு செக்கச்சிவப்பாகவும் உள்பக்கம் சற்று வெளிறலாகவும் இருக்கும். இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரியும். விளிம்பும் உள்பக்கமும் ஒரே வெளிறலாக இருந்தால் இரத்தசோகையை நன்றாகச் சந்தேகிக்கலாம். ஆனால் விளிம்பு சிவப்பாக இருப்பதை வைத்து இரத்தசோகை இல்லையென்று சொல்லிவிட முடியாது. வித்தியாசம் புரிகிறதா? அதுதான் அந்தப் புத்தகம் முழுக்க.

தட்டிப் பார்ப்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. அதைக் கண்டுபிடித்த ஆவன்ப்ருகர் கிராட்ஸ் நகரத்து விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கும் வழக்கத்தை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 1761இல் எழுதினார். 1808இல் நெப்போலியனின் வைத்தியர் கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்க்கும் வரை அதை மதித்தவர்கள் குறைவு. எங்களிடம் பீப்பாய் கிடையாது, பலாப்பழம் இருக்கிறது. பழுத்ததா காயா என்று சந்தையில் தட்டிப் பார்க்கிறார்களே, அதே காதுதான் வேண்டும். இடது நடுவிரலை நன்றாக அழுத்தி வையுங்கள், மற்ற விரல்கள் படக்கூடாது. வலது நடுவிரல் நுனியால் மணிக்கட்டிலிருந்து தட்டிவிட்டு உடனே எடுத்துவிடுங்கள். நகத்தை வெட்டுங்கள். பயிற்சிக்கு வீட்டில் யாரையாவது பிடியுங்கள்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மக்லியோட் வாங்கிவிட்டேன். உள்ளகப் பயிற்சிக்குப் போகும் அக்கா ஒருவரிடமிருந்து, அம்மாவின் கணக்கில் மூன்று பேருக்கு முடிந்தது. அக்கா எல்லா வரிகளிலும் மஞ்சள் மை பூசி வைத்திருக்கிறார். புத்தகத்துக்கே மஞ்சள்காமாலை.

வெள்ளிக்கிழமை பேராதனைச் சந்தியில் ரயில் ஏறி ஊருக்குப் போனேன். நாவலப்பிட்டி வரை நின்றுகொண்டே போனதால் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதன்பிறகு இடம் கிடைத்து, வயிறு என்ற பகுதியைப் படித்தேன், பழைய குப்பி அண்ணா சொன்னபடி கையை மடியில் வைத்துச் செய்துபார்த்துக்கொண்டே. எதிரே இருந்தவர் என்ன நினைத்தாரோ, அட்டனில் இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை மாலை அம்மா மலையிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு கட்டிலில் படுக்கச் சொன்னேன். கல்லீரலின் மேல் எல்லை தேட, வலப்பக்கம் மேலேயிருந்து விலா விலாவாகத் தட்டிக்கொண்டு இறங்கினேன். அம்மாவுக்கு ஒரே கூச்சம், சிரிப்பு நிற்கவில்லை. நான்காவது விலா இடைவெளி வரைக்கும் வெற்றுத் தகரம் போல ஒலித்தது, ஐந்தாவதில் மந்தமானது. எனக்கே நம்பமுடியாமல் மேலே போய்த் திரும்பவும் இறங்கினேன். அதே இடம். பலாப்பழக் கதையை முதலிலேயே சொல்லியிருந்தேன். "என்ன, பழுத்துவிட்டதா?" என்றார் அம்மா.

கட்டிலில் இருந்தபடியே குப்பி விளக்கு... இல்லை, இப்போது எங்கள் லயத்தில் மின்சாரம் இருக்கிறது, ஆனால் வடமராட்சி அக்கா சொன்னதற்காக ஞாயிறு காலை வெளிச்சம் வரும்வரை பொறுத்திருந்து, இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்காரவைத்து, அம்மாவின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன். விளிம்பும் உள்பக்கமும் ஒரே நிறம். பக்கத்தில் தங்கையை நிறுத்தி அவள் கண்ணையும் பார்த்தேன். அவளுக்கு இரண்டு நிறம் தனித்தனியாகத் தெரிந்தது. டிஸ்பென்சர் ஐயா வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், மாதவிடாயைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், கடைசியாகப் பூச்சிமருந்து எப்போது குடித்தது என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

நாளை காலை அம்மாவோடு தலவாக்கலைக்குப் போய், அவருடைய இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் நான் கண்டிக்குத் திரும்புவேன். அம்மாவுக்கு ஒரு பேர் போய்விடும் என்று இப்போதே முணுமுணுக்கிறார்.